கைக்குழந்தையோடு நெடும்பயணம் - எழுதப்படாத ஒரு வரலாறு



எங்க ஊர் அரியலூர் என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று சிமெண்ட். இன்னொன்று 1956 நவம்பர் 23 ரயில் விபத்து. வெள்ளத்தில் பலவீனமாகிப் போன மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததும், ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும் பொது அறிவுப் புத்தகங்களில் தவறாமல் வரும்.

இன்றைக்கு நான் எழுதப்போவது அந்தப் புத்தகங்களில் வராத விஷயம். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இங்கிருந்து சென்னை வரை போகும் ஒரு தாய் வழியில் எப்படிப் பசியாற்றினாள்? "இதிலெல்லாம் என்ன வரலாறு?" என்று கேட்காதீர்கள். சட்டம், வியாபாரம், அரசியல் மூன்றும் இதில் இருக்கிறது.

முதலில் சட்டம். 1890-ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டத்தில் 64-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. 1891 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும், இருப்பதிலேயே குறைந்த வகுப்பில், பெண்களுக்கென்று ஒரு பெட்டி அறையாவது ஒதுக்க வேண்டும். வண்டி 50 மைலுக்கு மேல் ஓடினால் அந்த அறையில் கழிப்பறையும் இருக்க வேண்டும். அந்தப் பிரிவில் தாய்ப்பால் என்ற சொல்லே கிடையாது. ஆனால் பால் கொடுக்கிற ஒரு தாய்க்கு வேண்டியது அதில் இருந்தது. சுற்றிலும் பெண்கள், உட்கார ஒரு இடம், கதவு.

1920களின் கடைசியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு கார்டு லைன் வந்தது. பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் வரவில்லை. அந்தப் பக்கத்து ஜனங்கள் ஒன்று அரியலூர் வந்து ரயிலேற வேண்டும், இல்லை பஸ்ஸில் போக வேண்டும். பஸ்ஸில் பெண்கள் இருக்கை உண்டு. ஆனால் அதற்குக் கதவு கிடையாது. முன்னாலும் பின்னாலும் ஆண்கள், பக்கத்தில் கம்பியைப் பிடித்து நிற்கும் கூட்டம். முந்தானை ஒன்றுதான் திரை. ஆக, பயணம் ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு மாறியபோது பெண்களுக்கு இருந்த அந்தக் கதவும் போய்விட்டது.

அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் புட்டி.

புட்டியின் கதை ஐரோப்பாவில் ஆரம்பிக்கிறது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நீண்ட ரப்பர் குழாய் வைத்த பால் புட்டிகள் விற்றன. குழந்தை தானே உறிஞ்சிக்கொள்ளும், தாய் வேலையைப் பார்க்கலாம். ஆனால் குழாயின் உட்புறத்தைக் கழுவவே முடியாது. கிருமி மண்டியது. அதற்கு 'கொலைகாரப் புட்டி' என்றே பெயர் வந்தது. பிரான்ஸ் 1910-இல் அதைத் தடை செய்தது. 1867-இல் ஹென்றி நெஸ்லே சுவிட்சர்லாந்தில் குழந்தைகளுக்கான பால் மாவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் நாட்டில் 1950களில் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தது. பிறகு அமுல் அதைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது.

இதற்கு முன்னால் நம்மிடம் இருந்தது சங்கு. பாலாடை என்றும் சொல்வோம். மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். மூலை முடுக்கு இல்லாததால் கழுவுவது சுலபம். இன்றைக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலைப் பீய்ச்சி அதில்தான் புகட்டுகிறார்கள். ஆங்கில மருத்துவக் கட்டுரைகளில்கூட 'பாலாடை' என்ற நம் பெயரையே எழுதுகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

இனி எங்கள் வீட்டுக் கதை. 1999-இல் அம்மா நாலு மாத அக்காவைத் தூக்கிக்கொண்டு அரியலூரில் ரயிலேறினார். பொதுப் பெட்டி, நிற்க இடமில்லாத கூட்டம். "இத்தனை ஆம்பளைங்க மத்தியில எப்படிம்மா பால் குடுப்ப?" என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு, புதுப் புட்டியும் டின் பாலும் வாங்கி வைத்திருந்தார். வழியில் புட்டியைக் குழாய்த் தண்ணீரில் அலசினார். ஊர் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் அக்காவுக்கு வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். திரும்பி வந்த பிறகு அக்கா மார்பில் சரியாகக் குடிக்கவே இல்லை. பால் கட்டி அம்மாவுக்குக் காய்ச்சல். "கூட்டத்துக்குப் பயந்து புள்ளைய பட்டினி போட்டுட்டியேடி" என்று அப்பாயி சொன்னது அம்மாவுக்கு இன்றும் மறக்கவில்லை. தப்பு அம்மாவுடையதா, அந்தப் பெட்டியுடையதா?

இது எங்கள் வீட்டோடு நிற்கிற கதை அல்ல. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-லேயே சிங்கப்பூரில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசி எச்சரித்தார். 1977-இல் நெஸ்லே புறக்கணிப்பு இயக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. 1981-இல் தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனைக்கு உலக சுகாதார சபை நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992-இல் தனிச் சட்டமே போட்டது, 1993 ஆகஸ்ட் 1-இல் அமலுக்கு வந்தது. டின்னில் குழந்தைப் படம் போடக்கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட வேண்டும். 2003 திருத்தத்தில் இது இன்னும் கடுமையானது. விளம்பரத்தைத் தடுத்தார்கள், சரி. ஆனால் பயணத்தில் உட்கார ஓர் இடம்?

அதற்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலகத் தாய்ப்பால் வாரத்தில், ஆகஸ்ட் 3-ஆம் தேதி, தமிழகம் முழுவதும் பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகளை முதல்வர் ஜெயலலிதா திறந்து வைத்தார். அரசியல் விருப்பு வெறுப்பைத் தள்ளிவைத்துப் பார்த்தால் அது பெரிய விஷயம்தான். 1890 சட்டத்தில் இருந்த அந்தக் கதவை ஓர் அரசு மறுபடியும் கொடுத்தது, இந்த முறை காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்லி.

2016-இல் ரயில்வேயும் 'ஜனனி சேவா' என்று தொடங்கியது. ஸ்டேஷனில் குழந்தைக்குச் சூடான பால், வெந்நீர் கிடைக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. அந்தத் தாய்க்கு வேண்டியது வெந்நீர் அல்ல, ஒரு மறைவு! பீய்ச்சி எடுத்துப் போகலாமே என்பார்கள். 25 டிகிரி வரையிலான வெப்பத்தில் அது 4 மணி நேரம் தாங்கும். ஐஸ் வைத்த பெட்டியில் 24 மணி நேரம். நம்ம ஊர் மே மாத வெயிலில், ஐஸ் இல்லாமல் பஸ்ஸில் அதை நம்ப முடியுமா?

போன வருஷம் அக்கா தன் மூன்று மாத மகனோடு பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் கிளம்பினாள். வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் பாலூட்டும் அறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா பஸ்ஸிலேயே வந்து உட்கார்ந்து, துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தாள். பக்கத்து சீட்டு அம்மா எழுந்து நின்று மறைத்துக்கொண்டாராம். அன்றைக்குப் பையன் பசியோடு தூங்கவில்லை. அம்மா இதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "எனக்கு அந்தத் தைரியம் இல்லாமப் போச்சே" என்றார்.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பொது இடங்களில் பாலூட்டும் அறைகள் வேண்டும் என்று மாநிலங்களுக்கு நினைவூட்டும்படி மத்திய அரசிடம் சொன்னது. பொது இடத்தில் பால் கொடுப்பதைக் கேவலமாகப் பார்க்கக்கூடாது என்றும் சொன்னது.

1891-லிருந்து 2025 வரை பார்த்துவிட்டேன். ஒரு காலத்திலும் பால் பிரச்சனையாக இருக்கவில்லை. அது சூடு பண்ண வேண்டியதில்லை, கெட்டுப்போகாது, டிக்கெட் வேண்டாம். இடம்தான் பிரச்சனை. அந்த இடத்தைச் சட்டம் பாதி கொடுக்கும். மீதியைப் பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை பஸ்ஸில் ஒரு குழந்தை அழுதால், முகத்தைச் சுளிக்காமல் கொஞ்சம் திரும்பி உட்காருங்கள். பேருந்து நிலையத்தில் அந்த அறை பூட்டியிருந்தால், சாவி எங்கே என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.