பள்ளிப் பணியாளரும் சங்கத்தின் தருமமும்

செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகியவற்றுள் ஒன்றையும் கொள்ளாமல் பிரமன், ஈசன், திருமால் மூவர்க்கும் ஆலயம் எடுப்பித்ததாக, விசித்திரசித்தன் என்னும் விருதுப்பெயர் பூண்ட மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டுக் குன்றிலே பொறித்துவைத்த கல்வெட்டு, எடுப்பித்தவன் பெயரை நமக்குச் சொல்லுகிறது. பாறையைக் குடைந்தவர் பெயரைச் சொல்லவில்லை. அரசு நிறுவும் ஸ்தாபனங்களில் ஆணையிட்டவர் பெயர் நிலைத்து, உழைத்தவர் பெயர் மறைவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். இன்றோ, அவ்வூரைச் சூழ்ந்த விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் நடைபெறும் அரசுப் பள்ளிகளின் ஆசிரியரும், அலுவலக உதவியாளரும், சத்துணவு அமைப்பாளரும், சமையலரும் தம் உழைப்பையும் உரிமையையும் அரசின் ஏட்டில் ஏற்றிக்கொள்வதற்குச் சங்கம் என்னும் கருவியைப் பெற்றிருக்கின்றனர். சட்டம் விட்டுவைத்த ஒரு வெற்றிடத்தை நிரப்புவதனால் அச்சங்கம் நியாயமுடையது என்பதும், அந்த நியாயம் அதன் கடைசிப் பணியாளரிடத்திலேதான் பரீட்சிக்கப்படும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அந்த வெற்றிடத்தின் இயல்பை முதலில் ஆராய்வோம். 1918ஆம் ஆண்டில் பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதற்குப் பின்னர், 1926இன் தொழிற்சங்கச் சட்டமும் 1947இன் தொழில் தகராறுச் சட்டமும் வந்து, ஆலைத் தொழிலாளி தன் குறையைச் சமரச அதிகாரியிடத்தும் தொழிலாளர் நீதிமன்றத்திடத்தும் கொண்டுசெல்ல வழி திறந்தது. ஆசிரியருக்கு அவ்வழி திறக்கவில்லை. பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் 1978இல் கல்வி நிலையமும் ‘தொழில்’ என்னும் சொல்லுக்குள் அடங்கும் என்று கூறிய உச்சநீதிமன்றம், 1988இல் சுந்தராம்பாள் வழக்கிலே, ஆசிரியர் அச்சட்டத்தின்படி தொழிலாளர் ஆகார் என்று தீர்ப்பளித்தது. அவர்தம் குறைகளைத் தீர்க்கத் தக்கதோர் ஏற்பாடு சட்டத்தினால் அமைய வேண்டும் என்னும் தன் விருப்பத்தையும் உடன் தெரிவித்தது. இவ்வாறு நீதிமன்றமே உணர்ந்து சுட்டிய குறையைச் சட்டமன்றங்கள் முழுமையாக நிறைவு செய்யாத நிலையில், சங்கமே அப்பணியை மேற்கொண்டது.

மேற்கொண்டதன் பயன் சரித்திரத்தில் பதிவாகியுள்ளது. சேமநிதி, ஓய்வூதியம், காப்பீடு என்னும் மூன்றையும் ஒருங்கே தந்த முப்பயன் திட்டம், காமராசர் ஆட்சிக் காலத்தில் 1955இல் சென்னை மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. தனியார் நிர்வாகியின் மனப்போக்குக்கேற்ப உபாத்தியாயர் வேலை போவதும் வருவதுமாயிருந்த நிலையை மாற்றக் கருதி, தகுதியுள்ள அதிகாரியின் முன்னனுமதியின்றி எவரையும் பணிநீக்கம் செய்யலாகாது என்று விதித்த தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1973இல் உருவாயிற்று. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் முதல் நாளிலிருந்து அரசு ஊழியராயினர். இவற்றுள் ஒவ்வொன்றிலும் ஆட்சியாளரின் நல்லெண்ணத்துக்கு உரிய பங்கு உண்டு. ஆயினும், சங்கங்களின் இடையறாத முறையீடு இல்லாதிருப்பின் அந்நல்லெண்ணம் ஆணையாக வடிவெடுத்திருக்கும் என்று கொள்வதற்கில்லை.

இப்பெருஞ் செய்திகளைவிட, வெளியுலகம் அறியாத அன்றாடத் தொண்டே சங்கத்தின் உயிர்நாடி. பணிப்பதிவேட்டில் ஒரு பதிவு விடுபட்டமையால் தேர்வுநிலை தள்ளிப்போன ஆசிரியைக்காகவும், பணிவரன்முறை ஆணை வாராமையால் ஊதிய உயர்வு நின்றுபோனவருக்காகவும், ஓய்வுபெற்றும் நிலுவை கிட்டாத முதியவருக்காகவும் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் நடப்பவர், பெரும்பாலும் தாமும் ஒரு வகுப்பை நடத்திவிட்டு வரும் வட்டாரச் செயலாளரே ஆவர். தனி மனிதர் கேட்டால் இரப்பாகத் தோன்றுவது, சங்கம் கேட்குங்கால் உரிமையாகிறது.

இனி எதிர்வாதத்தை நோக்குவோம். ஓய்வூதியம் முதலிய சலுகைகள் குறைக்கப்பட்டதனை எதிர்த்து 2003 ஜூலை 2ஆம் நாள் தொடங்கிய வேலைநிறுத்தத்தில், அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் துணைகொண்டு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியரும் ஆசிரியரும் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அப்பணிநீக்கத்தை எதிர்த்து எழுந்த வழக்கில் ஆகஸ்டு 6ஆம் நாள் உச்சநீதிமன்றம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை சட்டத்தாலும் இல்லை, தார்மிகத்தாலும் இல்லை என்றது. பள்ளி மூடப்பட்டால் வேறு பள்ளி தேடிப் போக வசதியற்ற ஏழைக் குழந்தையே முதலில் நஷ்டப்படுகிறது என்பது மறுக்கவொண்ணாத உண்மை. சங்கத்தார் இதனை எக்காலத்தும் நெஞ்சில் இருத்துதல் வேண்டும். ஆனால், தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவையும் அடைத்து, வேலைநிறுத்தத்தின் கதவையும் அடைத்துவிட்டு, குறையை மட்டும் திறந்து வைப்பது எந்த நீதியின்பாற்படும்? 2003 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பணியேற்றவர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லையென்றான குறை, 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ–ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தையும் கடந்து, 2026 ஜனவரியில்தான், கடைசி ஊதியத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டமொன்றின் அறிவிப்பைக் கண்டது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தகராறு தீராதிருந்ததற்குக் காரணம் ஒரு தரப்பாரின் பிடிவாதமன்று; தீர்க்கும் பீடம் இல்லாமையே.

அரசை நோக்கி இதனைச் சொல்லும் அதே உரிமையோடு, சங்கங்களை நோக்கியும் ஒன்று சொல்ல வேண்டும். 2009 மே 31 வரை பணியேற்ற இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாயாகவும், மறுநாள் முதல் பணியேற்றவருடையது 5,200 ரூபாயாகவும் நிர்ணயமாயின. ஒரே வகுப்பறை, ஒரே பாடம், 3,170 ரூபாய் வேற்றுமை. 2012இல் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டனர். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் பணியாளர், குழந்தைகளின் பசி தீர்த்தும், முறையான காலமுறை ஊதியம் கேட்டு இன்றும் நிற்கின்றனர். இவர்களுள் பலர் தமக்கெனத் தனி இயக்கம் கண்டு, 2018லும் 2022லும் இடைநிலை ஆசிரியர் செய்ததுபோல், உண்ணாநோன்பிருக்க நேர்ந்தமை, மூத்த சங்கங்களின் நிழல் இவர்கள்மேல் முழுதும் விழவில்லை என்பதனையே காட்டுகிறது. நிரந்தரப் பணியாளரின் சலுகையை மட்டும் காக்கும் அமைப்பு, நாளடைவில் பொதுமக்களின் அனுதாபத்தையும் இழக்கும்.

மத்திய அரசு தன் ஊழியர்க்கு 1966இலேயே கூட்டுக் கலந்தாலோசனை அமைப்பையும் கட்டாய நடுவர் தீர்ப்பு முறையையும் ஏற்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் இசைந்து ஏற்ற பரிந்துரை, ஆசிரியர் அமைப்புகளைக் கல்வி முன்னேற்றத்தின் சக்தியாக மதித்துக் கொள்கை வகுப்பதில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டியது. தமிழகம், ஆசிரியர் முதல் தூய்மைப் பணியாளர் ஈறாகப் பள்ளிப் பணியாளர் அனைவர்க்கும் இடமளிக்கின்ற, காலவரையறைக்குள் தீர்ப்புச் சொல்லக் கடமைப்பட்ட நிரந்தர ஆலோசனை மன்றம் ஒன்றைச் சட்டத்தினால் நிறுவுதல் வேண்டும். சங்கங்களும் அம்மன்றத்தில் தம் முதற் கோரிக்கையாகக் குறைந்த ஊதியம் பெறுவோரின் கோரிக்கையையே வைத்தல் வேண்டும். அவ்விரண்டும் கைகூடுமானால் வேலைநிறுத்தம் தானே அரிதாகும். பள்ளியும் குழந்தையும் ஒருசேரப் பிழைக்கும்.