கரென் மக்களின் பச்சைகுத்தும் வழக்கம்

மியன்மார் நாட்டின் கீழ்த்திசை மலைகளிலும், ஐராவதியின் கழிமுகத்திலும், தாய்லாந்தின் மேற்கெல்லையிலும் வாழும் கரென் மக்கள் ஒரே குலத்தார் அல்லர். சுகாவ், புவோ முதலிய பல பிரிவினர் அப்பெயருள் அடங்குவர். ஆகவே, ‘கரென் பச்சை’ எனப் பொதுவாகச் சுட்டுமிடத்து, அஃது எப்பிரிவினர்க்கு உரியது என வினவுதல் முதற்கண் வேண்டற்பாலது.

19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளை நோக்குவார்க்கு இருவகை வழக்குகள் புலனாகும். ஒன்று, ஆடவர் இடைமுதல் முழங்கால்வரை கருநிறத்தாற் குத்திக்கொள்வது; சேய்மையிற் காண்பார்க்குக் காற்சட்டை அணிந்தாற்போலத் தோன்றுவது. நாம் ‘பச்சை’ என்பதனை அவர்தம் உடலிற் கருமையாகவே காண்கிறோம். மற்றொன்று, இன்று கயா எனப்படும் செங்கரென் ஆடவர் முதுகிற் செந்நிறத்தாற் பொறித்த எழுஞாயிற்றின் உரு.

முன்னது கரென் மக்கட்கே உரியதன்று. பர்மியரிடத்தும் ஷான் மக்களிடத்தும் அது பெருவழக்காய் இருந்தது. ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்காட் 1882-இல் வெளியிட்ட நூலிற் பர்மியரின் இவ்வழக்கத்தை விரித்துரைத்துள்ளார். விளக்குக் கரி மையாயிற்று. நுனி பிளந்த நீண்ட உலோக ஊசி கருவியாயிற்று. புலி, குரங்கு முதலியன உருவங்களாயின. அவ்வலியைப் பொறுத்தல் ஆண்மைக்கு அடையாளமாயிற்று. எனவே, இஃது அண்டை மக்களோடு பகிர்ந்துகொண்ட வழக்கம் எனக் கோடலே பொருந்தும். பின்னதோ ஒரு பிரிவினரைத் தனித்துக் காட்டும் குறி. ஒன்று உறவை உணர்த்த, மற்றொன்று வேற்றுமையை உணர்த்துகின்றது. இரண்டனையும் ‘தொல்குடி அடையாளம்’ என ஒன்றாக்கி உரைத்தல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

ஈண்டுக் கரென் மக்களின் பழங்கதை ஒன்று நினைக்கத்தக்கது. இறைவனாகிய யுவா தம் முன்னோர்க்கு ஒரு நூலை அளித்தான் என்றும், அதனை அவர்கள் கவனமின்மையால் இழந்தனர் என்றும் அவர்கள் கூறுவர். கதையின் சில வடிவங்களில் அந்நூல் தோலில் எழுதப்பெற்றது. 1830-களில் ஜோனதன் வேட் என்னும் சமயத்தொண்டர் பர்மிய எழுத்தைத் தழுவிச் சுகாவ் மொழிக்கு வரிவடிவம் அமைத்தார். அதன்பின் ஏடு உண்டாயிற்று. எனினும் உடலிற் பொறித்தவற்றுள் ஏட்டில் ஏறியவை சிலவே.

1949-இல் தொடங்கிய போர் ஊர்களைக் கலைத்தது. 1984 முதல் பலர் தாய்லாந்து எல்லை முகாம்களில் தங்க நேர்ந்தது. தோலில் எழுதியது அத்தோலுக்குரியாரோடு மறையும். முதியோர் ஒருவர் மறையுந்தோறும் ஒரு சான்று மறைகின்றது. ஆதலின் உருவத்தை மட்டும் வரைந்து வைத்தல் போதாது. பிரிவு, ஊர், குத்தியவர் எக்குடியினர் என்பனவும் உடன் குறிக்கப்பெறல் வேண்டும். அவையின்றேல், தோல்நூலை இழந்த கதை இரண்டாம் முறையும் நிகழ்ந்ததாகும்.