கறுப்பங்கித் துறவியின் மதுக்கூடமும் மூன்று நாள் பீப்பாயும்

லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால், தர்பூசணிக் கீற்று மாதிரி ஒரு முக்கோணக் கட்டடம் தனியாக நிற்கும். ஒரு பக்கம் குயின் விக்டோரியா தெரு, மறு பக்கம் ரயில் பாலம். கூர்முனையில், வாசலுக்கு மேலே, தொந்தியோடு ஒரு துறவி சிரித்துக்கொண்டு நிற்கிறார். இதுதான் 'தி பிளாக் ஃபிரையர்' பப். ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் லண்டனில் இருந்தபோது நான்கு முறை போனேன். இரண்டு முறை கட்டடத்தைப் பார்க்க, இரண்டு முறை குடிக்க. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒழுங்காகச் செய்ய முடியாது.

பப் என்றதும் நம்மவர்களுக்கு ஓட்டலுக்குள் இருட்டும் டிஸ்கோ பாட்டுமாக ஒரு இடம்தான் மனசில் வரும். அதை மறந்துவிடுங்கள். பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம் அது. ஊர்ப் பொதுத் திண்ணை, ஆனால் கையில் கிளாஸ் இருக்கும். அவ்வளவுதான்.

முதலில் பெயரை முடித்துவிடுவோம். டொமினிக்கன் சபைத் துறவிகள் 1221இல் இங்கிலாந்துக்கு வந்தார்கள். வெள்ளை உடைக்கு மேலே கறுப்பு மேலங்கி போடுவார்கள், அதனால் 'கறுப்புச் சகோதரர்கள்'. 1270களில் தேம்ஸ் கரையோரம் இந்தப் பகுதியில் பெரிய மடம் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்காக லண்டன் நகரத்தின் கோட்டைச் சுவரையே இடித்து மேற்கே தள்ளிக் கட்டினார்கள் என்றால் செல்வாக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் ஹென்றி தன் ராணி கேத்தரினிடமிருந்து விடுதலை கேட்ட வழக்கு 1529இல் இந்த மடத்தில்தான் விசாரணைக்கு வந்தது. கேட்டது கிடைக்கவில்லை. ராஜா போப்பையே உதறிவிட்டுத் தனிச் சபை தொடங்கினார். 1538இல் மடத்தை மூடினார். தன் குடும்ப வழக்கு நடந்த கூடத்தையே மூடிய மனுஷன்! பிறகு அந்த வளாகத்தில் நாடக அரங்கு வந்தது, ஷேக்ஸ்பியரின் குழு அங்கே நடித்தது. எல்லாம் போய், பெயர் மட்டும் மிஞ்சியது.

இப்போதைய கட்டடம் 1875ஐ ஒட்டி எழுந்தது. அப்போது அது லண்டனில் ஆயிரத்தில் ஒரு பப். 1905 வாக்கில் கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் ஃபுல்லர் கிளார்க் இதைத் தலைகீழாக மாற்றினார். ஹென்றி பூல், ஃபிரெட்ரிக் கால்காட் என்ற சிற்பிகள் கூடச் சேர்ந்தார்கள். உள்ளே போனால் சுவரெல்லாம் பளிங்கு, மொசைக், செம்புப் புடைப்புச் சிற்பம். அத்தனையிலும் துறவிகள். ஒரு தகட்டில் மீனும் விலாங்கும் பிடிக்கிறார்கள், கீழே 'நாளை வெள்ளிக்கிழமை' என்று பொறித்திருக்கிறது. வெள்ளியன்று கறி கிடையாது, மீன்தான், அதுதான் ஜோக். இன்னொன்றில் சனிக்கிழமை மதியத் தோட்ட வேலை. கணப்பு அடுப்புக்கு மேலே சில பேர் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதைத் தாண்டினால் ரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில் குகை மாதிரி ஒரு சின்னக் கூடம். வளைகூரை முழுக்கப் பொன்னிற மொசைக். முதல் உலகப்போரையொட்டிய வருடங்களில் சேர்த்த பகுதி இது. சுவரில் வரிசையாகப் பொன்மொழிகள்: 'அவசரம் மெதுவானது', 'பகட்டு மடத்தனம்', 'விளம்பரம் செய்யாதே, வம்பளப்பவரிடம் சொல்'. கடைசியாகச் சொன்னதை எங்கள் கம்பெனி மார்க்கெட்டிங் ஆட்களுக்கு அனுப்பலாம் என்று போட்டோ எடுத்தேன். மேலே ரயில் போகும்போது லேசாக ஒரு அதிர்வு, கிளாஸில் தெரிகிற அளவுக்கு இல்லை, முழங்கையில் தெரிகிற அளவுக்கு.

வருகிறவர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, 'ஆஹா, துறவிகள் காலத்து மதுக்கூடம், துறவிகள் குடித்த அதே ஏல்' என்று பூரித்துப் போகிறார்கள். பக்கத்து மேஜையில் என் காதுபடவே ஒருவர் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இல்லீங்க. மடம் எழுந்த காலத்தில் இங்கிலாந்தில் 'ஏல்' என்றால் ஹாப்ஸ் பூ சேராத பானம். தானியம், தண்ணீர், ஈஸ்ட், சில சமயம் மூலிகை. சீக்கிரம் கெடும், கசக்காது. கசப்பையும் ஆயுளையும் கொடுக்கும் ஹாப்ஸ், 15ஆம் நூற்றாண்டில்தான் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பரவலாக வந்தது. அது சேர்ந்ததைத்தான் அப்போது 'பீர்' என்றார்கள். மடம் மூடும் சமயத்தில் லண்டனில் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. இன்று 'ரியல் ஏல்' என்ற பெயரில் கைப்பம்பிலிருந்து வரும் பிட்டர் எல்லாமே ஹாப்ஸ் சேர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வகை உருவாகி, முதல் உலகப்போரில் தானியத் தட்டுப்பாட்டாலும் வரியாலும் வலுக் குறைந்து, 4 விழுக்காட்டுப் பக்கம் வந்து நின்றது.

அப்படிப் பார்த்தால் கட்டடமும் பீரும் ஏறக்குறைய ஒரே வயசு. இரண்டும் ரயில் காலத்துப் பிள்ளைகள், துறவி வேஷம் போட்டுக்கொண்டிருக்கின்றன. எனக்கு அந்த வேஷத்தைவிட அந்த ரயில் காலம்தான் பிடித்திருக்கிறது. போருக்கு முன்பு லண்டன் பப்கள் காலை 5 மணிக்குத் திறந்து இரவு 12.30க்கு மூடலாம். போர் வந்ததும் ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரம் என்று வெட்டினார்கள். 1915இல் இன்னொரு உத்தரவு: அடுத்தவருக்குக் குடிக்க வாங்கிக் கொடுப்பதே குற்றம்! ஆளுக்கொரு ரவுண்டு வாங்குவதுதான் பப்பின் எழுதாத சட்டம். அதையே தடை செய்தார்கள். போர் முடிந்து ஒரு தலைமுறை போன பிறகும் பிற்பகல் மூடல் மட்டும் நீடித்தது, 1988 வரை.

சரி, பீருக்கு வருவோம். ரியல் ஏல் என்பது உயிரோடு இருக்கும் பீர். ஆலையில் நொதித்து முடிவதற்குள் பீப்பாயில் அடைத்துவிடுவார்கள், மிச்ச நொதிப்பு பப்பின் நிலவறையில் நடக்கும். இட்லி மாவை அரைத்துக் கொடுப்பது ஒருத்தர், பொங்க வைப்பது இன்னொருத்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலவறை 11 முதல் 13 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பீப்பாயின் மேல் துளையில் ஒரு மரமுளை. உள்ளே சேரும் வாயு அதன் வழியாகக் கசியும், எப்போது மென்முளை, எப்போது கடினமுளை என்பது நிலவறைக்காரரின் கைப்பக்குவம். தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பது பழைய வழக்கம். சைவம் பார்ப்பவர்கள் எந்த பீர் என்று கேட்டு வாங்குவது நல்லது, இப்போது சில ஆலைகள் அதை விட்டுவிட்டன.

மேலே கொண்டுவருவது கைப்பம்பு. 1797இல் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஜோசப் பிராமா. ஹைட்ராலிக் பிரஸ் கண்டுபிடித்த அதே ஆள். யாராலும் திறக்க முடியாது என்று சவால் விட்டு, 200 கினி பரிசோடு கடை ஜன்னலில் பூட்டு தொங்கவிட்டவரும் இவர்தான். அந்தப் பூட்டு 1851இல் ஒரு அமெரிக்கரிடம் தோற்றது. பம்பு இன்னும் தோற்கவில்லை.

சிக்கல் எங்கே என்றால், கைப்பம்பு ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பீப்பாய்க்குள் அறைக் காற்று போகிறது. காற்று பட்டால் பீர் புளிக்கத் தொடங்கும். மூன்று நாள், அவ்வளவுதான் ஆயுள். ஃபர்கின் என்கிற சின்ன பீப்பாயில் 72 பைன்ட், சுமார் 41 லிட்டர். மூன்று நாளில் தீர வேண்டுமென்றால் ஒரு பம்புக்கு தினம் 24 பைன்ட் போக வேண்டும். ஆறு பம்பு வைத்தால் 144. கூட்டம் இல்லாத பப் ஆறு பம்பு வைப்பது வீண் ஜம்பம்.

இதற்குப் பொறியியல் தீர்வு ஒன்று வந்தது. 1930களில் வாட்னி நிறுவனம் கிழக்கு ஷீன் டென்னிஸ் கிளப்பில் சோதித்துப் பார்த்தது. டென்னிஸ் கிளப்பில் வாரக் கடைசியில்தான் கூட்டம், நடுவில் பீப்பாய் கெட்டுவிடும். பீரை வடிகட்டி, பாஸ்டர் முறையில் சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, உலோகக் கலத்தில் அடைத்து, வாயு அழுத்தத்தால் வெளியே தள்ளினார்கள். கெக் பீர். கெடாது, பக்குவம் வேண்டாம், யார் ஊற்றினாலும் ஒரே ருசி. சாஃப்ட்வேர்க்காரனாகச் சொல்கிறேன், இது தப்பான தீர்வே இல்லை, அந்த டென்னிஸ் கிளப்புக்கு. ஆனால் 1960களில் பெரிய ஆலைகள் சின்ன ஆலைகளை வாங்கி மூடிவிட்டு, கூட்டம் அலைமோதும் பப்பிலும் இதையே திணித்தன. டென்னிஸ் கிளப்புக்கு எழுதிய புரோகிராமை ஊர் முழுக்க ஓட்டிய கதை.

பிளாக் ஃபிரையருக்கும் அதே 1960களில்தான் ஆபத்து வந்தது. இடித்துவிட்டு அந்த இடத்தைச் சீரமைப்பதாகத் திட்டம். கவிஞர் ஜான் பெட்ஜமன் முன்னின்று போராடித் தடுத்தார். இன்று இது கிரேடு 2 ஸ்டார் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஒரு செம்புத் தகட்டைக்கூடக் கழற்ற முடியாது.

பீரைக் காப்பாற்ற வந்தவர்கள் வேறு ரகம். 1971இல் இங்கிலாந்தின் வடமேற்கிலிருந்து அயர்லாந்துக்கு விடுமுறை போன நான்கு இளைஞர்கள், டன்குவின் என்ற கடற்கரை ஊரின் ஒரு பாரில் உட்கார்ந்து புலம்பிப் புலம்பி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் காம்ரா. 'ரியல் ஏல்' என்ற சொல்லே இவர்கள் பரப்பியதுதான். 1974இல் இவர்கள் வெளியிட்ட பப் வழிகாட்டிப் புத்தகத்தில், வாட்னி பீரைக் கொள்ளைநோயோடு ஒப்பிட்ட ஒரு வரி கடைசி நேரத்தில் நீக்கப்பட்டுக் கொஞ்சம் சாதுவான எச்சரிக்கை ஏறியது. அந்தக் காரமே சங்கத்துக்கு நல்ல விளம்பரம். வம்பளப்பவரிடம் சொல்!

சட்டமும் ஒரு முறை கைகொடுத்தது. 1989இல் வந்த பீர் ஆணைகள், 2,000 பப்களுக்கு மேல் வைத்திருந்த ஆலை அந்த அதிகப்படியில் பாதியைக் கட்டிலிருந்து அவிழ்த்துவிட வேண்டும் என்றன. பெரிய ஆலைகளின் குத்தகைதாரர்கள் வெளி ஆலையின் பீப்பாய் பீர் ஒன்றையாவது வைத்துக்கொள்ள உரிமையும் கொடுத்தன. ஆலைகள் என்ன செய்தன? பப்களை மொத்தமாக விற்றன, பீர் காய்ச்சாத புதுக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டன. கட்டு அவிழவில்லை, கட்டுகிற கை மாறியது. ஆணைகளும் 2003இல் போய்விட்டன.

இனி என் தீர்ப்பு. கூட வந்த ஆபீஸ் நண்பர் யார்க்‌ஷயர்காரர், பீர் விஷயத்தில் கறார். முதலில் மோந்து பார், பிறகு வெளிச்சத்தில் பிடி, அப்புறம்தான் வாய் என்பார். முதலில் லண்டன் பிரைடு. சிஸ்விக் கிரிஃபின் ஆலையில் காய்ச்சுவது. 2019இல் அந்த ஆலையை ஜப்பானிய அசாஹி வாங்கிவிட்டது. செம்பு நிறம், பிஸ்கெட் மாதிரி மால்ட் வாசம், முடிவில் மிதமான கசப்பு. குறை இல்லை, நினைவிலும் நிற்கவில்லை. அடுத்தது கார்ன்வால் செயின்ட் ஆஸ்டெல் ஆலையின் டிரிப்யூட். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வரும் வாசம், வெயில் நாளுக்கு ஏற்றது. மூன்றாவது யார்க்‌ஷயர் கீத்லியிலிருந்து வரும் டிமோத்தி டெய்லர் லேண்ட்லார்ட். இதுதான் அன்றைய பீர். முதலில் கனி, நடுவில் இனிப்பு, விழுங்கின பிறகு நின்று பேசும் கசப்பு. ஐஸ் மாதிரி இருக்காது, பானைத் தண்ணீர்க் குளிர்ச்சிதான். பழகினால் அந்தக் குளிர்ச்சியில்தான் ருசி திறக்கிறது. கிளாஸ் காலியாகக் காலியாக நுரை வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டே வந்தது. நிலவறையில் யாரோ கவனமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சூழலைச் சொன்னால், வியாழன் மாலை 6 மணிக்கு நிற்க இடமில்லை. சிட்டி ஆபீஸ்காரர்கள் வாசலுக்கு வெளியே நடைபாதை வரை வழிகிறார்கள். சிற்பம் பார்க்க வந்தவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் லேண்ட்லார்டை அந்தப் பக்குவத்தில் வைத்திருந்ததே அந்தக் கூட்டம்தான். அதே வாரம் வேறொரு பப்புக்குப் போனோம், பெயர் வேண்டாம். பழைய மரவேலை, அழகான இடம், ஏழு பம்பு. குடிக்க மூன்றே பேர். இரண்டாவது பம்பில் வந்தது வினிகர் வாடை. மாற்றிக் கேட்டதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார் அந்தப் பையன். மாற்றிக் கொடுத்ததும் சுமார்தான். மரவேலைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று நண்பர் கூரையைக் காட்டினார். பம்பைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: சிற்பங்களுக்கு வாரநாள் பிற்பகல் 3 மணி, பீருக்கு மாலை. பம்பில் பெயர்ப் பலகை திரும்பியிருந்தால் அந்த பீப்பாய் முடிந்துவிட்டது என்று பொருள். வியாழன் இரவு நாங்கள் மூன்றாவது ரவுண்டுக்குப் போனபோது லேண்ட்லார்ட் பலகை முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. "அடுத்தது தெளிய நாளை மதியம் ஆகும் சார்" என்றார் பாரில் நின்ற பெண். டிரிப்யூட்டே இரண்டு வாங்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிட்டோம்.