சாய்வெழுத்தின் தோற்றம்

நூற்பெயரையும் பிறமொழிச் சொல்லையும் வேறுபடுத்திக் காட்டுதற்கு ஆங்கில நூல்களிற் கையாளப்படும் சாய்வெழுத்து, தோன்றிய காலத்தில் அத்தகைய ஏவற்பணி எதனையும் செய்ததில்லை. முழுநூலையும் தானே தாங்கி நின்றது. 1501ஆம் ஆண்டு வெனிசு நகரில் அல்டசு மனூத்தியசு வெளியிட்ட வேர்ஜிலின் கவிதைத் தொகுதியே அவ்வெழுத்தில் அச்சான முதல் நூலாகும். அதற்கு முந்திய ஆண்டிற் புனித கதரீனாவின் கடிதத் தொகுப்பிலுள்ள படமொன்றிற் சில சொற்கள் மாத்திரம் அவ்வெழுத்திற் காணப்படுகின்றன.

இவ்வடிவம் வெறுங் கற்பனையிற் பிறந்ததன்று. 1437இல் மறைந்த புளோரன்சு நகரத்து அறிஞர் நிக்கோலோ நிக்கோலி, பழைய இலத்தீன் நூல்களைப் படியெடுக்கும்போது கையாண்ட சாய்ந்த கையெழுத்து, அந்நூற்றாண்டின் இறுதியிற் கற்றோரிடையே பெருவழக்காயிற்று. விரைந்தெழுதும் கை பேனையைத் தாளினின்றும் எளிதில் எடாது. எழுத்தோடு எழுத்து இணையும். அவ்விணைப்பை ஈயத்திற் காட்டவேண்டின் கூட்டெழுத்துக்கள் பல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உருக்குக்கோலின் நுனியில் எழுத்தை இடவலமாற்றிச் செதுக்கி, அதனைச் செம்பில் அறைந்து குழிவுண்டாக்கி, அக்குழிவில் ஈயக் கலவையை வார்த்தல் வேண்டும். இந்நுண்பணிக்குரிய செதுக்கலைச் செய்தவர் பொலோனா நகரத்துப் பிரான்சிசுக்கோ கிரிபோ. பேரெழுத்துக்களை அவர் சாய்க்கவில்லை. சிறிய நிமிர்ந்த வடிவிலேயே விட்டார்.

தாட்செலவைக் குறைத்தற்கே இவ்வெழுத்து ஆக்கப்பட்டதெனப் பலர் கூறுவர். அது முற்றும் பொருந்துமாறில்லை. சிறிய நிமிர்ந்த எழுத்தாலும் அச்சிக்கனம் கைகூடியிருக்குமன்றோ? கற்றோர் தமக்குப் பழகிய கையெழுத்தைக் கைக்கடக்கமான நூலிற் காண விரும்பினர் என்பதே எமக்கு வலிய காரணமாகத் தோன்றுகிறது.

வேர்ஜில் நூலிலே கிரிபோவின் கைத்திறனை மூன்றடிச் செய்யுளால் அல்டசு புகழ்ந்தார். ஆயினும் 1502இல் வெனிசு ஆட்சிமன்றம் வழங்கிய தனியுரிமை அல்டசுக்கே கிடைத்தது. புகழ் ஒருவர்க்கு மூன்றடி. பயன் மற்றவர்க்கு முழுவதும்! கிரிபோ பிரிந்து பானோ நகரஞ் சென்று, யூத அச்சாளராகிய கெர்சோம் சொன்சீனோவுடன் சேர்ந்தார். 1503இல் அங்கு வெளிவந்த பெத்திரார்க்கின் கவிதைநூற் காணிக்கையுரையில், அல்டசு பயன்படுத்திய எழுத்துக்களையெல்லாம் வகுத்தவர் கிரிபோவே எனச் சொன்சீனோ வெளிப்படையாய் எழுதிவைத்தார். செதுக்குவோன் ஒருவனுக்காக எழுந்த அக்குரல் இல்லையேல், இவ்வழக்கில் ஒருபக்கச் சான்றே பெரிதும் எஞ்சியிருக்கும்.

தனியுரிமையும் அல்டசை முற்றாகக் காக்கவில்லை. பிரான்சிலுள்ள லியோன் நகரத்து அச்சாளர் எழுத்தையும் நூலையும் ஒருங்கே கவர்ந்தனர். 1503இல் அப்போலிப் பதிப்புக்களின் பிழைகளைப் பட்டியலிட்டு அவர் எச்சரிக்கை விடுக்க, லியோன் நகரத்தார் அப்பட்டியலையே பிழைதிருத்தமாகக் கொண்டனர் என்பர்.

அந்நூற்றாண்டிலேயே பேரெழுத்துக்களும் சாய்ந்தன. சாய்வெழுத்து மெல்லமெல்ல நிமிர்ந்த உரோமன் எழுத்தின் துணையாயிற்று. 1929இல் இங்கிலாந்தின் மொனோரைப் நிறுவனம், பியெத்திரோ பெம்போவின் நூலுக்காகக் கிரிபோ செதுக்கி 1496இல் அச்சேறிய நிமிர்ந்த எழுத்தைப் புதுக்கி, அந்நூலாசிரியர் பெயரையே அதற்கு இட்டது. அதனோடு சேர்த்த சாய்வெழுத்தோ கிரிபோவினுடையதன்று. தாலியெந்தே என்னும் வெனிசு நகரத்து எழுத்தாசிரியரின் கையைத் தழுவியது.