நிலம் கேட்ட புதல்வியர்

விவிலியத்தின் எண்ணிக்கை நூலில் செலொபுகாதின் புதல்வியர் ஐவரைச் சந்திக்கிறோம். ஆண் வாரிசின்றித் தந்தை இறந்துவிட, அவருக்குரிய நிலத்தில் தங்களுக்குப் பங்கு வேண்டும் என்று அவர்கள் மோசேயின் முன்னும் மக்கள் தலைவர்கள் முன்னும் நின்று வழக்குரைத்தனர். அவர்கள் இரக்கத்தை வேண்டவில்லை, உரிமையைக் கேட்டனர். அவர்கள் கேட்பது முறையே என்று ஆண்டவர் தீர்ப்பளித்தார். ஆப்பிரிக்காவில் சிறு நிலங்களில் உழைக்கும் பெண்களின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இவ்வைவரும் நம் நினைவுக்கு வருகின்றனர். கென்ய நாட்டின் வரலாற்றை மட்டும் இங்கே காண்போம்.

கென்யாவின் நடு மலைப்பகுதியில் வாழும் கிக்குயு மக்களிடையே நிலம் ஆண் மரபு வழியாகவே இறங்கியது. எனினும், மணமாகி வந்த பெண்ணுக்கென ஒரு தோட்டம் ஒதுக்குவது வழக்கம். அதில் அவள் விதைத்தாள், அறுத்தாள். விளைந்ததைத் தன் களஞ்சியத்தில் சேர்த்தாள். ஆங்கிலேயர் ஆட்சியில் வளமிக்க மேட்டு நிலங்கள் வெள்ளையரின் பண்ணைகளாயின. குடிசை வரி செலுத்தும் பொருட்டு ஆண்கள் கூலி வேலைக்குச் சென்றனர். வயல் வேலையின் சுமை பெண்கள் மேல் விழுந்தது.

மாவ் மாவ் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த 1954ஆம் ஆண்டில், வேளாண் அலுவலர் ஸ்வின்னர்ட்டன் வகுத்த திட்டம் வந்தது. சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்துப் பட்டா வழங்குவதும், காப்பி, தேயிலை முதலிய பணப்பயிர்களை ஆப்பிரிக்கர் பயிரிட வழிசெய்வதும் அதன் நோக்கங்கள். அதனால் சிலர் வளம் பெற்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டா பெரும்பாலும் குடும்பத் தலைவனின் பெயரிலேயே எழுதப்பட்டது. வழக்கத்தால் பெண்ணுக்கு இருந்த உரிமைக்குப் பதிவேட்டில் இடமில்லாமற் போயிற்று. காப்பிப் பழத்தைப் பறித்தவள் அவள். பணத்தைப் பெற்றவன் நிலத்துக்குரியவன். உணவுப் பயிர் விளைந்த இடங்களில் பணப்பயிர் புகுந்தது. விறகு தந்த மரங்கள் வீழ்ந்தன. இப்பெண்களின் வறுமை உழைக்காததால் வந்ததன்று என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

இம்மாற்றங்களைக் கண்டு வளர்ந்தவர், 1940இல் நியெரிப் பகுதியில் பிறந்த வங்காரி மாத்தாய். அவர் வீட்டருகே ஓர் அத்தி மரமும் ஓர் ஓடையும் இருந்தன. அது கடவுளின் மரம், அதிலிருந்து சுள்ளியும் எடுக்கலாகாது என்பது தாயின் அறிவுரை. மாத்தாய் கொன்சொலாத்தா சபை அருட்சகோதரியரிடம் பயின்று, கத்தோலிக்க மறையைத் தழுவி, அமெரிக்காவில் புனித பெனடிக்ட் சபைச் சகோதரியரின் கல்லூரியில் 1964இல் பட்டம் பெற்றார். பின்னாளில் ஊருக்கு வந்தபோது, தேயிலை பயிரிடுவதற்காக அம்மரம் வெட்டப்பட்டிருந்தது, ஓடையும் வற்றியிருந்தது. மரங்களைப் போற்றிய முன்னோர் மரபை மறைப்பணியாளர் புறக்கணித்ததும் இவ்வழிவுக்கு ஒரு காரணம் என்று அவர் கருதினார். திருச்சபையின் பள்ளிகளிலே கற்ற மகளின் இச்சொல்லை நாம் தாழ்மையோடு கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1970களின் நடுவில் கென்யப் பெண்கள் தேசிய மன்றத்தின் வழியாகக் கிராமப் பெண்களின் குறைகளை அவர் செவியுற்றார். விறகு இல்லை, நல்ல நீர் இல்லை, பிள்ளைகளுக்குச் சத்துள்ள உணவு இல்லை என்றனர் அவர்கள். 1977 சூன் 5 அன்று நைரோபியில் ஏழு மரக்கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் இரண்டே பிழைத்தன. ஆயினும் பசுமை வளைய இயக்கம் அங்கேதான் தொடங்கியது. படிப்பறியாப் பெண்களால் நாற்றங்கால் வளர்க்க இயலுமா என வனத்துறையினர் ஐயுற்றனர். பெண்களோ உடைந்த பானைகளில் விதையிட்டு, ஆடும் கோழியும் எட்டாத இடங்களில் வைத்துக் காத்தனர். நட்டுப் பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் சிறு தொகை, அமெரிக்க நாணயத்தில் ஏறத்தாழ 4 சென்ட், அவர்களுக்கு வழங்கப்பட்டது. அது அவர்கள் கையில் நேரே சேர்ந்த பணம். மாத்தாய் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற 2004ஆம் ஆண்டிற்குள் நடப்பட்ட மரங்கள் ஏறத்தாழ 3 கோடி.

எனினும் அம்மரங்கள் நின்ற நிலம் யாருடையது என்னும் வினா எஞ்சியிருந்தது. நிலம் பற்றிய சட்டத்திலும் வழக்கத்திலும் பெண்ணுக்கு எதிரான வேறுபாடு களையப்பட வேண்டும் என்று 2010இல் கென்யாவின் புதிய அரசியலமைப்பு விதித்தது. மறு ஆண்டு செப்டம்பர் 25 அன்று மாத்தாய் காலமானார். சட்டம் எழுதப்பட்டதனால் மட்டும் வழக்கம் மாறிவிடுவதில்லை. கணவன் இறந்ததும் உறவினரால் நிலத்தைவிட்டுத் துரத்தப்படும் கைம்பெண்கள் இன்றும் உள்ளனர்.

ஆப்பிரிக்காவின் ஏழைப் பெண் என்றவுடன் ஏந்திய கையே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. தவக்காலத்தில் நாம் இடும் காணிக்கை நல்லதே, அது தொடரட்டும். ஆனால் அவளுக்கு என்ன தேவை என்பதை அவளிடமே கேட்டறியும் பொறுமையும், அவள் உழும் நிலம் யார் பெயரில் உள்ளது என்று வினவும் துணிவும் நமக்கு வேண்டும். செலொபுகாதின் புதல்வியர் பேசியபோது மோசே அவர்களை அடக்கவில்லை. அவர்களுடைய வழக்கைச் செவிமடுத்து, அதை ஆண்டவர் திருமுன் கொண்டு சென்றார். நமது பிறரன்புப் பணியும் அவ்வாறே தொடங்குவதாக.