450/400: இது என்ன கணக்கு?



போன மாதம் ஜிம் கார்பெட்டைப் பற்றி எழுதியபோது, அவரிடம் இருந்த துப்பாக்கிகளில் ஒன்று 450/400 வகை என்று குறிப்பிட்டிருந்தேன். "சார், இது தகாபின்னம்தானே? சுருக்கினால் 9/8 வருதே, ஏன் சுருக்காம விட்டாங்க?" என்று ஒரு பழைய மாணவி கேட்டிருந்தாள். ஆறாம் வகுப்புக் கணக்கு இன்னும் மறக்கவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அம்மா, இது பின்னம் இல்லை. ஒரு பித்தளைக் கூட்டை எதிலிருந்து எதுவாக மாற்றினார்கள் என்று சொல்லும் குறிப்பு. அதன் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

துப்பாக்கித் தோட்டா என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் நான்கு பொருள்கள் உண்டு. வெளியே பித்தளை உறை. அதன் அடியில் தட்டினால் பொறி பறக்கும் சிறு மூடி. உள்ளே மருந்து. வாயில் செருகிய குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், உறை மிஞ்சும். பழைய உறைகள் பெரும்பாலும் சாக்பீஸ் போல நேராக இருந்தன. பிறகு பாட்டில் போல, உடம்பு அகலமாகவும் கழுத்து ஒடுங்கியும் செய்தார்கள். அகன்ற உடம்பில் மருந்து நிறையக் கொள்ளும், ஒடுங்கிய கழுத்தில் சிறிய குண்டு உட்காரும். நிறைய மருந்து சிறிய குண்டைத் தள்ளினால் வேகம் கூடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் சொல்லப்படுபவை. 450 குண்டுக்கான உறையின் கழுத்தை ஒடுக்கி 400 குண்டுக்கு ஏற்றதாக்கினால் அது 450/400. அவ்வளவுதான்.

இதில் புகழ்பெற்றது பிரிட்டிஷ் ராணுவத்தின் 577/450. 1866இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட ஸ்னைடர் துப்பாக்கி 577 அளவு. 1871இல் வந்த மார்ட்டினி-ஹென்றி 450. புதிய அளவுக்கு நேரான உறை செய்தபோது அது அளவுக்கு மீறி நீண்டுபோனது. எனவே ஸ்னைடரின் அகன்ற உறை வடிவத்தை எடுத்து, சற்று நீட்டி, கழுத்தை ஒடுக்கினார்கள்.

இந்தக் கழுத்து விவகாரம் நம் நாட்டிலும் சட்டப் பிரச்சினை ஆயிற்று. அந்த மார்ட்டினி துப்பாக்கிகள் கலகக்காரர் கைகளிலும் இருந்தன. வேட்டைக்காரர்களின் 450 குண்டுகள் அவற்றுக்கும் பயன்பட்டுவிடும் என்று அஞ்சி, 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் 450 அளவுக்குத் தடை போட்டார்கள். லண்டன் துப்பாக்கி வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 500 உறையை ஒடுக்கி 500/465 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவும் யானையைச் சாய்க்கும், சட்டமும் மீறப்படவில்லை! குண்டு 400தான் என்பதால் கார்பெட்டின் 450/400 இந்தத் தடையில் சிக்கவில்லை.

இனி பித்தளைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தோட்டா உறைக்கான பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். குளிர்ந்த நிலையிலேயே இழுக்கவும் அழுத்தவும் இடம் கொடுக்கும் கலவை. ஆனால் அழுத்த அழுத்த விறைத்துக்கொண்டே போகும். பாத்திரப் பட்டறையில் பார்த்திருப்பீர்கள், கொஞ்ச நேரம் தட்டுவார்கள், பிறகு நெருப்பில் காட்டுவார்கள், மறுபடி தட்டுவார்கள். நெருப்பில் காட்டாமல் தட்டிக்கொண்டே போனால் விளிம்பு வெடித்துவிடும்.

உறையின் கழுத்தை ஒடுக்குவதும் அதே வேலைதான். எண்ணெய் தடவிய உறையை, வாய் குறுகிய எஃகு அச்சுக்குள் தள்ளுவார்கள். பட்டறையில் அதை டை என்பார்கள். உங்கள் பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் வாய் சிறுத்துத் துணி மடிப்பு மடிப்பாகத் திரளும். பித்தளை மடியாது, அதனால் கழுத்தின் சுவர் தடிக்கும், நீளும். தடித்த கழுத்து குண்டை விடாமல் பிடித்தால் உள்ளே அழுத்தம் எகிறும், துப்பாக்கியே வெடிக்கலாம். ஆகவே தடிப்பைச் சீவியெடுத்தாக வேண்டும். கழுத்தைச் சூடுகாட்டி இளக்கவும் வேண்டும். ஆனால் அடிப்பாகம் விறைப்பாகவே இருக்க வேண்டும், அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். இதற்கு ஒரு பழைய வழி: உறைகளைத் தட்டில் நீர் ஊற்றி நிற்கவைத்து, நீருக்கு மேலே தெரியும் கழுத்தை மட்டும் தீயில் காட்டிவிட்டு நீருக்குள் தள்ளிவிடுவது. எளிமையான யோசனை, எனக்கு வியப்பு தீரவில்லை.

இளக்காமல் விட்டால் என்ன ஆகும்? அதற்குப் பாடம் நடந்ததும் இந்தியாவில்தான். ஆங்கிலேய ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால், ஒரு குண்டும் சுடாத உறைகளில் கழுத்தில் கீறல் விழுந்திருக்கும். பருவம் மாறும்போது வருவதால் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். கழுத்தை இறுக்கியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசையும், குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் கீறல் இல்லை.

இந்த வித்தையை வீட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோனவர்கள் அமெரிக்கர்கள். எந்தக் கம்பெனியும் விற்காத, தாங்களே உருவாக்கிய தோட்டாவுக்கு 'வைல்ட்கேட்' என்று பெயர் சொன்னார்கள், காட்டுப்பூனை. கடையில் கிடைக்கும் உறையை வாங்கி, கழுத்தை ஒடுக்கி, அதற்கேற்ற குழலைக் கடைந்து பொருத்திச் சோதிப்பார்கள். சார்லஸ் நியூட்டன் வக்கீலுக்குப் படித்தவர். 25-35 உறையை ஒடுக்கி அவர் வடிவமைத்ததை 1912இல் சாவேஜ் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1915இல் அவருடைய 250-3000 வந்தது. இங்கே 3000 என்பது நொடிக்கு இத்தனை அடி என்னும் வேகம்! ஆனால் 30-06 என்ற ராணுவத் தோட்டாவில் 06 என்பது 1906ஆம் ஆண்டு. அதையே நீட்னர் என்பவர் 1920 வாக்கில் ஒடுக்கி 25-06 ஆக்கியபோது, அந்த ஆண்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரே கோடு, ஆளுக்கொரு பொருள். கணக்கு வாத்தியார் யாரும் அங்கே இல்லை போலிருக்கிறது.

நெட் ராபர்ட்ஸ் என்பவர் ஒடுக்கியது 7 மில்லிமீட்டர் மவுசர் உறையை. அதை 1934இல் ரெமிங்டன் ஏற்றுக்கொண்டு '257 ராபர்ட்ஸ்' என்று அவர் பெயரையே வைத்தது. சம்பாவத் புலியைக் கொன்றதற்காகக் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த ரிக்பி துப்பாக்கி சுட்டதும் அதே மவுசர் தோட்டாதான்.

எல்லை தெரியாமல் ஒடுக்கியவர்களும் உண்டு. கொலராடோவில் டிரினிடாட் கல்லூரியில் துப்பாக்கித் தொழில் கற்றுக்கொடுத்தவர் பி. ஓ. ஆக்லி. பழைய ராணுவத் துப்பாக்கிகளில் மருந்தைக் கூட்டிக்கொண்டே போய், எது எப்போது உடைகிறது என்று சோதித்தவர். அவர் யானைத் தோட்டாவான 378 வெதர்பி உறையை 22 அளவுக்கு ஒடுக்கினார். நொடிக்கு 5000 அடி இலக்கு, எட்டியது சுமார் 4600. இத்தனூண்டு வாய் வழியே அவ்வளவு மருந்தும் எரிந்து போனால் குழல் எத்தனை நாள் தாங்கும்? ஜெர்மன் மொழி போல ஒலிக்க 'இயர்கெஸ்பிளிட்டன் லவுடன்பூமர்' என்று பெயரும் வைத்தார்கள். காதைப் பிளக்கும் பேரிடி என்று கொள்ளலாம். விளையாட்டுத்தான், ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று அதுதான் காட்டியது.

(ஆர்வக்கோளாறில் யாரும் இறங்கிவிடாதீர்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே குற்றம்.)

மேலே சொன்ன நியூட்டனின் 250 உறையை இன்னும் ஒடுக்கி 22 ஆக்கும் முயற்சி 1930களில் பல பேர் கையில் நடந்தது. வாட்கின்ஸ் என்ற ராணுவ அதிகாரி அதில் ஒருவர். ஜே. ஈ. ஜெபி என்பவர் தாம் செய்ததற்கு 'வார்மின்டர்' என்று பெயரிட்டு, அந்தப் பெயரைத் தமக்கே உரிமையாக்கிக்கொண்டார். பெயர் அவருக்குச் சொந்தமாகிவிட்டதால் மற்றவர்கள் வெறும் எண்ணால் 22-250 என்றார்கள். முப்பது ஆண்டுக்குக் கிட்டத்தட்ட வீட்டுப் பட்டறைகளில் மட்டுமே அது பிறந்துகொண்டிருந்தது. 1963இல் பிரவுனிங் கம்பெனி அதற்குத் துப்பாக்கி விற்கத் தொடங்கியபோது கடையில் அதற்குத் தோட்டாவே கிடையாது. வாங்கியவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். 1965இல் ரெமிங்டன் தோட்டாவை ஆலையில் செய்து விற்கத் தொடங்கியது. பெட்டியின் மேல் அச்சானது '22-250 ரெமிங்டன்'. ராபர்ட்ஸுக்குக் கிடைத்த மரியாதை வாட்கின்ஸுக்கும் கிடைக்கவில்லை, ஜெபிக்கும் கிடைக்கவில்லை. ஜெபி அந்தப் பெயரை எல்லாருக்கும் விட்டுக்கொடுத்திருந்தால் பெட்டியில் இன்று 'வார்மின்டர்' என்றாவது இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.