கைவலி, கால்வலி, ஒரு குதிரை

போன தடவை மதுரைக்குப் போயிருந்தப்ப பெரியப்பாவுக்கு இடது கை விடாமக் குடைஞ்சுது. செல்லூர்ல தறி ஓட்டுற கை. "வாயுப்பிடிப்புடா, சோடா குடிச்சா சரியாயிரும்"னார். சட்டை வேர்த்து நனைஞ்சிருந்ததைப் பார்த்த பெரியம்மா போட்ட சத்தத்துல நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஹார்ட் அட்டாக். நேரத்தோட போனதால மனுஷன் பிழைச்சார்.

நெஞ்சு நோவுக்குக் கை ஏன் வலிக்கணும்? பொட்டி தட்டுறவன் புத்தி சும்மா இருக்குமா, பழைய கதையைத் தோண்டினேன்.

1768-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் ஒரு கட்டுரை வாசித்தார். நடக்கும்போது நெஞ்சை இறுக்கும், நின்றால் விட்டுவிடும், சில பேருக்கு இடது கை வரை பரவும் ஒரு வலியைப் பற்றி. 1772-ல் அது அச்சில் வந்தது. 'ஆஞ்சைனா பெக்டோரிஸ்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஆனா இதயத்தின் ரத்தக்குழாய்தான் காரணம்னு அவருக்கே தெரியாது.

விஷயம் இதுதான். இதயத்து நரம்பும் கையின் உள்பக்கத்து நரம்பும் தண்டுவடத்தில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. ஒரே லைன்ல ரெண்டு பேர் பேசினா, கூப்பிடுறது யாருன்னு மூளை குழம்பிடுது. வலி வலது கை, தோள், தாடை, முதுகிலும் வரலாம்.

சரி, கால்? இங்கதான் குதிரை வருது. 1831-ல் பிரான்ஸில் பூலே என்ற கால்நடை மருத்துவர் ஒரு வண்டிக்குதிரையைக் கவனித்தார். கொஞ்ச தூரம் ஓடினதும் பின்னங்கால் நொண்டும், நின்றால் சரியாகிவிடும். செத்தபிறகு அறுத்துப் பார்த்தால் காலுக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. 1858-ல் ஷார்கோ இதையே மனிதரிடமும் கண்டார்.

ஹார்ட் அட்டாக் வலி பொதுவா காலுக்கு வராது. ஆனா நடந்தா கெண்டைக்கால் பிடிச்சு, நின்னா விடுதுன்னா டாக்டரைப் பாருங்க. காலில் அடைச்ச கொழுப்பு இதயத்தை மட்டும் விட்டு வைக்கும்னு சொல்ல முடியாது.

பெரியப்பாவோட கையிலயும் கால்லயும் ஈசிஜி கிளிப் மாட்டினாங்களே, அதுக்கும் கதை இருக்கு. நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஐந்தோவன், நோயாளியின் ரெண்டு கையையும் இடது காலையும் உப்புத்தண்ணியில் வைக்கச் சொல்லித்தான் இதயத்துடிப்பைப் பதிவு செய்தார். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரியில் இருந்தவரோட துடிப்பைக்கூட டெலிபோன் கம்பி வழியா லேப்ல பிடிச்சார். அந்தக் காலத்து ரிமோட் லாகின் :-) 1924-ல் நோபல் பரிசு கிடைச்சுது.

ஹெபர்டன் சொல்லி 250 வருஷத்துக்கு மேல ஆச்சு. நாம இன்னும் வாயுன்னு சோடாவைத்தான் தேடுறோம். கைவலியோட வேர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சிறுக்கம் சேர்ந்தா உடனே 108-ஐக் கூப்பிடுங்க. சர்க்கரைக்காரங்க, பெண்கள்ல சிலருக்கு நெஞ்சு வலிக்காமலே வரும், ஜாக்கிரதை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. பெரியம்மாவும் இல்ல. ஆனா அன்னைக்கு சரியா கண்டுபிடிச்சது அவங்கதான்.